நிறம் போனது, சாயம் போனதா?

சாயக்கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைப்பது பற்றி வந்துகொண்டிருக்கும் ஆய்வுத்தாள்களில் எதை விரித்தாலும் கதை ஏறத்தாழ ஒன்றுதான். சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் கொஞ்சம் சேறு அள்ளுவார்கள். அதிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுப்பார்கள். கூம்புக் குடுவையில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் போல ஒரு சாயத்தைக் கரைத்து, குளுக்கோசும் ஈஸ்ட் சாறும் சேர்த்து, அந்தப் பாக்டீரியாவை விடுவார்கள். ஓரிரு நாளில் தண்ணீர் வெளுத்திருக்கும். நிறமாலைமானியில் வைத்துப் பார்த்து, தொண்ணூறுக்கு மேல் ஏதோ ஒரு சதவீத நிறநீக்கம் என்று எழுதுவார்கள். செலவு குறைந்தது, சூழலுக்கு உகந்தது என்ற வாக்கியத்தோடு முடிவுரை முடியும்.

இதில் பொய் எதுவும் இல்லை. தண்ணீர் உண்மையாகவே வெளுக்கிறது. ஆனால் நாற்பது ஆண்டுகளாகக் குடுவைகள் வெளுத்துக்கொண்டிருக்க, சாய நகரங்களின் ஆறுகள் அதே வேகத்தில் வெளுக்கவில்லை. இதற்கு ஆலை முதலாளிகளின் அலட்சியம் ஒரு காரணம், அரசின் மெத்தனம் இன்னொன்று. இரண்டும் பழகிய குற்றச்சாட்டுகள், பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் ஆய்வின் பக்கமே ஒரு கோளாறு இருக்கிறது. நிறம் வேறு, சாயத்தின் மூலக்கூறு வேறு, சாயத்தோடு வரும் உப்பு வேறு. முதலாவதை நீக்க நுண்ணுயிருக்கு அதிக நேரம் ஆகாது. இரண்டாவதை அது பாடுபட்டு, நாம் சரியாக நடத்தினால், நீக்கும். மூன்றாவதை அது தொடவே தொடாது. இந்த மூன்றையும் ஒரே கணக்கில் எழுதியதுதான் குழப்பத்தின் ஊற்று என்பது என் கட்சி.

சாயத்தொட்டியில் என்ன இருக்கிறது

1856இல் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது மாணவர் லண்டனில் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் போய், ஊதாச் சாயத்தில் முடித்த கதை பலருக்கும் தெரியும். நம் விஷயத்துக்கு அதைவிட முக்கியம், 1858இல் பீட்டர் கிரீஸ் கண்டுபிடித்த டயசோ வினை. இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த இரண்டு நைட்ரஜன் அணுக்கள், அவற்றின் இருபுறமும் பென்சீன் அல்லது நாப்தலீன் வளையங்கள் என்று அமைந்த அசோ சாயக் குடும்பம் அதிலிருந்து கிளைத்தது. இன்று உலகில் புழங்கும் செயற்கைச் சாயங்களில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பம்தான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு எல்லாம் இதில் அடக்கம்.

பருத்திக்கு வந்த பெரிய திருப்பம் 1956. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் ரியாக்டிவ் சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரையிலான பல சாயங்கள் நூலின்மேல் ஒட்டிக்கொண்டோ உள்ளே சிக்கிக்கொண்டோ இருந்தன. ரியாக்டிவ் சாயமோ பருத்தியின் செல்லுலோசோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. எத்தனை முறை துவைத்தாலும் சட்டை வெளுக்காததற்கு இதுவே காரணம். திருப்பூர் பனியன் துணியில் ஏறும் நிறங்களில் பெரும்பகுதி இந்த வகைதான்.

இந்தச் சாயத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. துணியோடு சேர வேண்டிய அதன் கை, தண்ணீரோடும் சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்த மூலக்கூறு செத்த சாயம். இனித் துணியில் ஏறாது. நிறத்தையும் ரகத்தையும் பொறுத்து, போட்ட சாயத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இப்படித் தொட்டியிலேயே தங்கிக் கழிவாகிறது. இன்னொன்று: தண்ணீரில் பருத்தி இழையும் எதிர்மின்சுமை கொண்டது, சாயமும் எதிர்மின்சுமை கொண்டது. ஒன்றையொன்று தள்ளும். அதைச் சமாளிக்க லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பைக் கொட்டுகிறார்கள். சாதா உப்பு, அல்லது கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட். உப்பு சாயத்தை நூலுக்குத் தள்ளிவிட்டு, ஒரு கிராம்கூட நூலில் தங்காமல், அப்படியே சாக்கடைக்குப் போகிறது. இதோடு சோடா, அசிட்டிக் அமிலம், சோப்பு, இளக்கிகள், வெளுக்கப் போட்ட பெராக்சைடின் மிச்சம் எல்லாம் சேரும். அலசுத் தண்ணீர் கலந்து நீர்த்த பிறகும், வெளியே வரும் கழிவில் கரைந்த உப்பு லிட்டருக்குப் பல ஆயிரம் மில்லிகிராம் நிற்கும்.

வெயிலுக்குப் போகக் கூடாது, வியர்வைக்குப் போகக் கூடாது, சலவைக்குப் போகக் கூடாது என்று ஏற்றுமதி வாங்குபவர் கேட்கிறார். சாய வேதியியலார் அப்படியே செய்து கொடுக்கிறார். அந்தக் குணமே சுத்திகரிப்புத் தொட்டியின் தலைவலி.

குடலுக்குள் நடந்த பரிசோதனை

அசோ பிணைப்பை பாக்டீரியா உடைக்கும் என்பது சாயக்கழிவு ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு அல்ல. மருத்துவம் அதை முன்பே பார்த்துவிட்டது. 1930களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் சோதித்த புரோன்டோசில் ஒரு சிவப்பு அசோ சாயம். சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றிய எலிகளை அது காப்பாற்றியது. ஆனால் சோதனைக் குழாயில் அதே கிருமியை ஒன்றும் செய்யவில்லை. 1935இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டிரேஃபுவேல் தம்பதியரும் கூட்டாளிகளும் இந்தப் புதிரை அவிழ்த்தனர். உடலுக்குள் போன சாயம் நடுவில் உடைகிறது. உடைந்த துண்டுகளில் ஒன்றான, நிறமற்ற சல்ஃபனிலமைடுதான் மருந்து. உடைப்பதில் குடல் பாக்டீரியாவுக்குப் பெரும் பங்கு. இன்றைக்கும் மூட்டுவாதத்துக்கும் பெருங்குடல் புண்ணுக்கும் எழுதித்தரும் சல்ஃபாசலசீன் மாத்திரை வேலை செய்வது இப்படித்தான்: பெருங்குடல் வரை முழுதாகப் போய், அங்கே பாக்டீரியாவால் இரண்டாக உடைகிறது.

பெருங்குடலில் காற்று இல்லை. விஷயத்தின் முடிச்சு அங்கேதான். உணவைச் சிதைக்கும் பாக்டீரியாவிடம் எலக்ட்ரான்கள் மிஞ்சும். அவற்றை யாரிடமாவது தள்ளியாக வேண்டும். ஆக்சிஜன் இருக்கும்வரை பந்தியில் முதல் இலை அதற்குத்தான். ஆக்சிஜன் இல்லாதபோது நைட்ரேட், சல்பேட், இன்னபிற வரிசையில் வரும். அசோ பிணைப்பும் அந்த வரிசையில் உட்காரத் தகுதியுள்ளது. இரண்டு எலக்ட்ரான், பிறகு இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு, நைட்ரஜன் இரட்டை பிரிந்து இரண்டு அமீன்களாகிறது. நிறம் தந்த அமைப்பு சிதைந்ததால் தண்ணீர் வெளுக்கிறது. இதற்கென்று தனி வித்தை கற்ற பாக்டீரியா தேவையில்லை. காற்றில்லாத இடத்தில் உயிர்வாழும் கும்பல் எதுவும் ஓரளவு செய்துவிடும். புதிய இனத்தைப் பிரித்தெடுத்தோம் என்ற பெருமையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

துணிச்சாயத்தின் மூலக்கூறு பெரியது, சல்போனிக் தொகுதிகளால் மின்சுமை ஏறியது. பாக்டீரியாவின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. அப்படியிருக்க உள்ளே இருக்கும் நொதி எப்படி அதை உடைக்கிறது என்ற கேள்விக்கு நல்ல விடை ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் குழுவிடமிருந்து வந்தது. பிஎன்6 என்று அழைக்கப்படும் ஸ்ஃபிங்கோமோனஸ் பாக்டீரியா, நாப்தலீன் சல்போனேட்டைச் சிதைக்கும்போது குவினோன் வகைப் பொருள்களை வெளிவிடுகிறது. அவை செல்லிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிப் போய் வெளியே மிதக்கும் சாயத்திடம் கொடுத்துவிட்டு, திரும்ப வந்து மறுபடி வாங்குகின்றன. இந்தத் தூதுவர்களைக் கொஞ்சம் சேர்த்தாலே நிறநீக்கம் பல மடங்கு வேகமெடுக்கும் என்பதை நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்களும் காட்டினர்.

காற்று உள்ள இடத்திலும் அசோவை உடைக்கும் பாக்டீரியா உண்டு. சூரிச்சில் லைசிங்கர் குழுவினர் நெடுநாள் பழக்கி எடுத்த சூடோமோனஸ் கேஎஃப்46இலிருந்து 1982இல் ஒரு நொதியைத் தூய்மைப்படுத்தினர். ஆரஞ்சு II சாயத்தை அது காற்றிலேயே உடைத்தது. ஆனால் அசோவுக்குப் பக்கத்தில் குறிப்பிட்ட இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதி இருந்தால்தான் தொடும். ஒரு நாளில் பத்து நிறம் ஓட்டும் சாயப்பட்டறைக்கு இப்படி ஒரு பூட்டுக்கு ஒரு சாவி கதை உதவாது.

வெளுத்த தண்ணீரில் மிஞ்சியது

பிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895இல் ஒரு செய்தி வெளியிட்டார்: சாய ஆலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காணப்படுகிறது. நோய்க்குப் பின்னால் இருந்தவை அரோமேட்டிக் அமீன்கள் என்பது பிறகு தெளிவானது. பென்சிடின் அவற்றில் பேர்போனது. அசோ பிணைப்பை உடைத்தால் கிடைப்பதும் அமீன்கள்தான். எல்லா அமீனும் புற்றுநோய் தராது. சல்போனிக் தொகுதி ஏறியவை பொதுவாக உடலில் தங்காமல் வெளியேறிவிடும். ஆனால் சில தரும். உடைந்தால் ஆபத்தான அமீன் தரும் அசோ சாயங்களை 1994இல் ஜெர்மனி தடை செய்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அந்தத் தடை வந்தது. இந்தியாவும் 1990களில் 112 சாயங்களைத் தடை செய்தது. ஜெர்மனிக்குப் பனியன் அனுப்ப முடியாது என்ற பயம் நம் அரசாணைகளுக்கு வேகம் கொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே நிறமாலைமானி "95 சதவீதம்" என்று காட்டும்போது, அது சொல்வது இவ்வளவே: குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் ஒளியை விழுங்கும் அமைப்பு போய்விட்டது. அமீன் இருக்கிறதா, எவ்வளவு, யாருக்குக் கெடுதல் என்று அது சொல்லாது. மீன் வளர்ப்பில் பூஞ்சைக்கு மருந்தாகப் போட்ட மாலகைட் கிரீன் இதற்கு நல்ல பாடம். மீனுக்குள் போன பச்சைச் சாயம் நிறமற்ற லூக்கோ வடிவமாக மாறி, கொழுப்பில் நெடுநாள் தங்குகிறது. மீனைப் பார்த்தால் வெள்ளை வெளேர் என்றுதான் இருக்கும். அதனால்தான் சோதனைக்கூடங்கள் பச்சையைத் தேடுவதோடு நிற்காமல் லூக்கோவையும் சேர்த்தே தேடுகின்றன.

நிறம் போய் நிறம் திரும்புவதை நம் சாயக்காரர்கள் தொழிலாகவே செய்திருக்கிறார்கள். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பு சேர்த்துத் தாழியில் புளிக்க வைப்பார்கள். காற்றில்லாத தாழியில் பாக்டீரியா நீலத்தை ஒடுக்கி, மஞ்சள் பச்சையாகக் கரைய வைக்கும். நூலை முக்கி வெளியே எடுத்தால் காற்றுப் பட்டு நீலம் திரும்பும். ஐரோப்பாவில் இதேபோன்ற தாழியிலிருந்து 1999இல் பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு கிளாஸ்டிரிடியம் ஐசாடிடிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கறுப்பில் இதன் கெட்ட வடிவத்தைப் பார்க்கலாம். பருத்திக்கு மிக அதிகம் ஓடும் சாயங்களில் இது ஒன்று. இதில் இரண்டு அசோ பிணைப்புகள். காற்றில்லாத் தொட்டியில் இரண்டும் உடைந்தால் மூன்று துண்டு கிடைக்கும். ஓரத்துத் துண்டுகள் இரண்டும் ஒரே வகை, எளிய அமீன். நடுத்துண்டில் நாப்தலீன் வளையத்தில் மூன்று அமினோ தொகுதிகள் தொங்கும். பக்கத்திலேயே ஒரு ஹைட்ராக்சில். காற்றைக் கண்டதும் இது தானாக ஆக்சிஜனோடு வினைபுரிந்து மறுபடி கருக்கும். குடுவையின் மூடியைத் திறந்து வைத்தால் வெளுத்த திரவத்தில் மேற்பரப்பிலிருந்து நிறம் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிதாக வந்த அந்த நிறப்பொருள் பழைய சாயம் அல்ல. பாக்டீரியாவுக்கு அதைவிடப் பிடிக்காதது.

இதற்குப் பாடநூல் சொல்லும் தீர்வு இரண்டு கட்டம். முதலில் காற்றில்லாத் தொட்டி, அங்கே அசோ உடையட்டும். அடுத்து காற்றூட்டும் தொட்டி, அங்கே வேறு பாக்டீரியா ஆக்சிஜனைக் கொண்டு அமீன் வளையத்தைத் திறந்து, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் முடிக்கட்டும். எளிய அமீன்களுக்கு இது நன்றாகவே நடக்கிறது. சல்போனிக் தொகுதி ஏறிய அமீன்களைத் தின்னும் பாக்டீரியா இயற்கையில் குறைவு; அப்படிப்பட்டவை பெருகச் சேற்றின் வயது கூட வேண்டும். அதாவது அதே சேற்றை வாரக்கணக்கில் தொட்டியில் வைத்திருக்க வேண்டும். இரண்டு கட்டத்தையும் தாண்டிக் கரிமப்பொருள் எவ்வளவு மிஞ்சுகிறது என்று மொத்தக் கரிமக் கார்பனை அளந்து எழுதும் தாள்களை நான் நம்பிப் படிக்கிறேன். பச்சைப்பயறை ஊற வைத்து முளைவிட்டதே, நச்சு இல்லை என்று முடிக்கும் தாள்களைப் பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். பயறு எதில்தான் முளைக்காது!

காளான்களின் வழி

மரத்தை வெளுக்கச் செய்யும் வெண்ணழுகல் காளான்கள் வேறு முறையில் இறங்குகின்றன. மரத்தின் லிக்னின் ஒழுங்கே இல்லாத மூலக்கூறு. அதைச் சிதைக்கும் நொதிக்கும் ஆளைப் பார்த்துப் பிடிக்கும் வழக்கம் இல்லை. 1983இல் ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் காளானில் லிக்னின் பெராக்சிடேஸைக் கண்டார்கள்; அமெரிக்காவின் மேடிசனில் மிங் டியனும் கென்ட் கிர்க்கும் ஒரு பக்கம், கிளென்னும் கோல்டும் இன்னொரு பக்கம். அதே காளான் சாயங்களையும் வெளுக்கிறது என்று அதே ஆண்டில் தெரிந்தது. இந்த முறையில் எலக்ட்ரானைப் பறித்து உடைப்பதால், காற்றில்லா வழியில் வரும் அமீன் தொல்லை பொதுவாகக் குறைவு.

ஆனால் இந்தக் காளானுக்கு அமிலத் தண்ணீர் வேண்டும், சாயக்கழிவு காரம். நைட்ரஜன் பட்டினி போட்டால்தான் நொதி சுரக்கும். காய்ச்சிச் சுத்தப்படுத்தாத கழிவுநீரில் சில நாளிலேயே பாக்டீரியா அதன்மேல் ஏறிவிடும். பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தார் டிராமெட்டிஸ் வெர்சிகலர் காளானை உருண்டைகளாக வளர்த்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, சாயத்தண்ணீரை நெடுநாள் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஒரு நாளில் பல லட்சம் லிட்டர் வரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அதைப் பெருக்குவது எளிதல்ல. காளானை விட்டுவிட்டு நொதியை மட்டும் எடுப்பது இன்னொரு வழி. ஜப்பானிய அரக்கு மரத்துப் பாலில் யோஷிதா 1883இல் கண்ட லாக்கேஸ், 1996இல் ஜீன்ஸ் துணியின் நீலத்தை வெளுக்கும் வணிகப் பொருளாகவே வந்துவிட்டது. துணியை வெளுக்கும் இடத்தில் கட்டுப்படியாகும் விலை, சாக்கடையில் ஊற்றும்போது கட்டுப்படியாகாது. பாசி, நாணல் வளர்த்த சதுப்புத் தொட்டி, சாயத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் கலம் ஆகியவற்றுக்கும் தாள்கள் நிறைய உண்டு. சிறிய அளவில் சுவாரசியமானவை, இப்போதைக்கு அவ்வளவுதான்.

குடுவையிலிருந்து தொட்டிக்கு

குடுவையில் ஒரு சாயம். வாய்க்காலில் பல நிறங்களின் கலவை, அதுவும் மணிக்கு மணி மாறும். குடுவையில் நடுநிலை நீர், இதமான சூடு. வாய்க்காலில் காரம், கொதிப்பு ஆறாத தண்ணீர். குடுவையில் உப்பு பெரும்பாலும் இல்லை. உப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணச் சேற்றுப் பாக்டீரியா உள்நீரை இழந்து சுருங்கும். மெல்ல மெல்லப் பழக்கினால் தாங்கும். ஒரே நாளில் உப்பு ஏறி இறங்கினால் தாங்காது. பட்டறைகள் அடர்நிறம் ஓட்டும் நாளும் வெளுப்பு ஓட்டும் நாளும் அடுத்தடுத்து வரும்போது நடப்பது அதுதான்.

குடுவையில் போடும் குளுக்கோஸ் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அசோவை உடைக்க எலக்ட்ரான் வேண்டும், எலக்ட்ரான் வர உணவு வேண்டும், சாயமே உணவாகாது. ஈரோடு பக்கத்து நெசவுத் துணியில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். அதை நீக்கும் தண்ணீரில் மாவுச்சத்து ஏராளம், பாக்டீரியாவுக்கு இலவசச் சாப்பாடு. பனியன் துணி பின்னலாடை. அதன் நூலுக்குக் கஞ்சி கிடையாது. ஆகவே திருப்பூர் கழிவில் நிறமும் உப்பும் நிறைய, நுண்ணுயிர் தின்னத் தகுந்தது குறைவு. இரண்டு ஊருக்கும் ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் ஓரிடத்தில் தானாக ஓடும் முறை இன்னோரிடத்தில் வெல்லம் கரைத்து ஊற்றினால்தான் ஓடும். புதுத் தொட்டியைத் தொடங்கும்போது சாணி கரைத்து விடுவதும், யூரியா, டி.ஏ.பி. போடுவதும் நம் ஊர் இயக்குநர்களுக்குக் கைவந்த பழக்கம். தினசரிச் செலவாக உணவு போட வேண்டும் என்றால் "செலவு குறைந்தது" என்ற முடிவுரை வாக்கியம் ஆட்டம் காணும்.

உப்பின் வகையும் கணக்கில் வரும். சோடியம் சல்பேட் பயன்படுத்தும் பட்டறைத் தண்ணீரைக் காற்றில்லாத் தொட்டிக்கு விட்டால், சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியா பெருகி, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். சல்பைடு தானும் அசோவை உடைக்கும் என்பது ஒரு சின்ன லாபம். இரும்பை அரிப்பதும், மூடிய இடத்தில் இறங்கும் ஆளைக் கொல்லக்கூடியது என்பதும் பெரிய நட்டம்.

பிறகு டர்க்காய்ஸ். அந்தப் பளிச்சென்ற நீலப்பச்சை அசோ அல்ல. நடுவில் செம்பு அணு உட்கார்ந்த தாலோசயனின் வளையம். காற்றில்லாத் தொட்டி, காற்றூட்டிய தொட்டி இரண்டையும் தாண்டி அது பெரும்பாலும் அப்படியே வெளியே வரும். சில நேரம் சேற்றில் ஒட்டிக்கொண்டு மறையும். சேற்றில் ஒட்டுவது சிதைவு அல்ல. தொட்டி இயக்குநர் தினமும் ஒரு லிட்டர் அளவு உருளையில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, அரை மணி நேரம் வைத்து, சேறு எவ்வளவு படிகிறது என்று பார்ப்பார். வழக்கமாகக் காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டிய அந்தச் சேறு, சாய நிலையத்தில் ஊதாவோ கருநீலமோ கலந்து நிற்கும். மேலே தெளிந்த நீர் நிறம் குறைந்திருக்கும். காகிதத்தில் அது நிறநீக்கம். உண்மையில் சாயம் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு வீடு மாறியிருக்கிறது.

பாக்கெட்டில் விற்கும் பாக்டீரியாப் பொடிகளைப் பற்றி ஒரு சொல். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட இனம், தொட்டியில் ஏற்கெனவே குடியிருப்பவற்றோடு உணவுக்குப் போட்டியிட வேண்டும். பாக்டீரியாவைத் தின்னும் ஒருசெல் உயிர்களிடமிருந்து தப்ப வேண்டும். தண்ணீரோடு அடித்துப் போகாமல் சேற்றில் ஒட்ட வேண்டும். சில வாரத்தில் அது காணாமல் போவதுதான் அடிக்கடி நடப்பது. மாறாக, அதே கழிவில் மாதக்கணக்கில் பழகிய கலப்புக் கூட்டம் எந்தத் தனி இனத்தையும்விட நிலையாக வேலை செய்யும். சீனாவின் குவாங்சோவில் அசோவை உடைப்பதில் பேர்பெற்ற ஷெவனெல்லா டீகலரேஷனிஸ் பாக்டீரியாவை எடுத்ததும் சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றிலிருந்துதான். நாம் தேடும் சூரர்கள் பெரும்பாலும் தொட்டியிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நேரம், நிலையான உணவு, திடீர் அதிர்ச்சி இல்லாத தண்ணீர்.

ஒரத்துப்பாளையம் கற்றுக்கொடுத்தது

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூரைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. திருப்பூருக்குக் கீழே, பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. அணையைத் திறந்தால் கீழே உள்ள வயல் கெடும். திறக்காவிட்டால் சுற்றியுள்ள கிணறு கெடும். பாசன விவசாயிகளே நீதிமன்றம் போனார்கள். அவர்கள் சொன்ன நட்டம் எது என்று கவனிக்க வேண்டும். படம் எடுத்தவர்களுக்குக் கிடைத்தது நிறமும் நுரையும்; விவசாயி அழுதது உப்புக்கு. மண் இறுகியது, தென்னை காய்ப்பு விட்டது, கிணற்றுத் தண்ணீரை மாடு குடிக்க மறுத்தது. உப்புக்கு நிறமில்லை.

1990களின் இறுதியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பையும் ஃபெரஸ் சல்பேட்டையும் கொட்டி நிறத்தைப் படிய வைத்தன. நிறம் ஓரளவு குறைந்தது. உப்பு குறையவில்லை, போட்ட வேதிப்பொருளால் கொஞ்சம் கூடவும் செய்தது. படிந்த சேறு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்பட்டது, எங்கே கொட்டுவது என்று தெரியாமல். நிலத்தில் விடும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. எந்தச் சுண்ணாம்பும் எந்த பாக்டீரியாவும் அந்த எண்ணைத் தொட உதவாது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்றது; 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது; நிறைவேறாததால் 2011 ஜனவரி இறுதியில் திருப்பூரின் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) சவ்வுகளும் ஆவியாக்கிகளும் வைத்த நிலையங்கள் படிப்படியாக அனுமதி பெற்றன.

இந்த மாற்றத்தில் நுண்ணுயிரின் வேலையே மாறிவிட்டது. ஆய்வுத்தாள்கள் பல இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முன்பு நுண்ணுயிர் தொட்டிக்குப் பின்னால் ஆறு இருந்தது. இப்போது இருப்பது ஆர்.ஓ. சவ்வு. ஆற்றில் விடும் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் அதிகாரி திருப்தியடையலாம். சவ்வு அப்படி ஏமாறாது. உடைந்து மிஞ்சிய அமீனும், சிதையாத இளக்கியும், சோப்பும் அதன்மேல் படிந்து அடைக்கும். அழுத்தம் ஏறும், மின்கட்டணம் ஏறும், சவ்வை மாற்றும் காலம் முன்கூட்டியே வரும். ஆகவே நிறநீக்கச் சதவீதத்தைவிட, கரிமப்பொருள் எவ்வளவு கரிமமாகவே மிஞ்சுகிறது என்பதுதான் இன்றைய கேள்வி. இந்தக் கேள்விக்கு நல்ல நுண்ணுயிர் தொட்டி மலிவான விடை. சுண்ணாம்புச் சேற்றோடு ஒப்பிட்டால் அது தரும் கழிவுச் சேறும் மிகக் குறைவு. நுண்ணுயிருக்கு நான் எதிர்க்கட்சி அல்ல என்று இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த இடம் இன்னும் சுவையானது. சவ்வு நல்ல நீரை ஒதுக்கிய பிறகு நிற்கும் செறிநீரில் உப்பு பல மடங்கு அடர்ந்திருக்கும். அதை ஆவியாக்கி உப்பாக்குவது பெரும் எரிபொருள் செலவு. மாற்றாக, செறிநீரைச் சுத்தம் செய்து நேரடியாகச் சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்பும் முறையைத் திருப்பூரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். உப்பும் மிச்சம், ஆவியாக்கும் செலவும் மிச்சம். இதில் தடை நிறம்தான். செறிநீரில் பழைய சாயத்தின் எச்சம் கொஞ்சம் இருந்தாலும், வெளிர் நிறம் ஓட்டும்போது ஷேடு மாறும். வாங்குபவர் கொடுத்த மாதிரித் துணியோடு ஒத்துப்போகாத சரக்கு திரும்பி வரும். சாய மாஸ்டர் அடர்நிறத்துக்கு மட்டும் அந்த நீரை வைத்துக்கொள்வார். குளோரின், ஓசோன், நானோ வடிகட்டி என்று இதற்கு வழிகள் உண்டு, செலவும் உண்டு.

இவ்வளவு உப்பில் சாதாரண பாக்டீரியா பிழைக்காது. ஹாலோமோனஸ் போன்ற உப்பு விரும்பிகள் பிழைக்கும். உப்பு இல்லாவிட்டால்தான் அவற்றுக்குக் கஷ்டம். தூத்துக்குடி, வேதாரண்யம் போன்ற உப்பளங்களில், பாத்தி நீர் முற்றும்போது இளஞ்சிவப்பாக மாறுவது இத்தகைய உயிர்களால்தான். உப்பு நீரில் அசோவை உடைக்கும் பாக்டீரியாக்களை ஆய்வகங்கள் ஏற்கெனவே பிரித்தெடுத்திருக்கின்றன. தேவைப்படுவது இன்னொரு குடுவை அல்ல. ஓடும் நிலையம் ஒன்றின் செறிநீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, சில ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்து, கோடையும் மழையும் தீபாவளி ஆர்டரும் வந்துபோகும்படி ஓராண்டு ஓட்டி, அமீனையும் கரிமக் கார்பனையும் ஒவ்வொரு வாரமும் அளந்து, அந்த நீரில் வெளிர் மஞ்சள் ஓட்டினால் ஷேடு பிடிக்கிறதா என்று ஒரு சாய மாஸ்டரைக் கேட்க வேண்டும். உப்பை அவையும் தின்னப்போவதில்லை. உப்புக்கு நடுவில் நிற்கும் சாயத்தைத் தின்றால் போதும். அந்த உப்பு ஆவியாக்கிக்குப் போகாமல் அடுத்த லாட்டுக்குப் போகும்.